பெர்லின் பார்த்தாச்சு!

உங்களில் யாராவது அடுத்த சில மாதங்களில் பெர்லினுக்குப் போவதாக இருக்கிறீர்களா? ஆபீஸ் அனுப்புகிறதோ, அங்கே எம்.எஸ். படிக்கும் பையன் கூப்பிடுகிறானோ, பத்து நாளில் எட்டு நாடு காட்டும் பேக்கேஜில் பணம் கட்டியிருக்கிறீர்களோ, எப்படிப் போனாலும் அந்த ஊரில் உங்களுக்கு வாய்க்கப்போவது இரண்டு நாள். மிஞ்சிப்போனால் இரண்டரை. கையில் ஒரு லிஸ்ட் இருக்கும். டிராவல்ஸ்காரர் கொடுத்தது, அல்லது ஏற்கெனவே போய்வந்த ஒன்றுவிட்ட மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பிராண்டன்பர்க் வாசல், நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் கூண்டு, டி.வி. கோபுரம், செக்பாயின்ட் சார்லி, ஹிட்லர் செத்த இடம், சுவரில் ஒரு துண்டு, பிறகு ஷாப்பிங்.

அந்த லிஸ்ட்டைக் கிழித்துப் போடுங்கள் என்று சொல்லத்தான் இந்த வாரம் உங்களைக் கூப்பிட்டேன்.

நம்மவர்கள் வெளிநாடு போய்வந்ததும் உபயோகிக்கும் வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? 'பாரிஸ் பார்த்தாச்சு', 'ரோம் முடிச்சாச்சு', 'ஸ்விஸ் கவர் பண்ணியாச்சு.' முடிப்பதற்கு அது என்ன வருஷக் கடைசி ஆடிட்டிங்கா? திருப்பதியில் 'ஜருகண்டி' என்று தோளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள் என்றால் அதில் ஒரு நியாயம் உண்டு. உங்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனம் நிற்கிறது. பெர்லினில் உங்களை யாரும் தள்ளுவதில்லை. விசாவுக்கு மட்டும் 90 யூரோ, விமானத்துக்கு அரை லட்சத்துக்கு மேல் என்று கொட்டிக் கொடுத்துவிட்டு, அங்கே போய் நீங்களே உங்கள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொள்கிறீர்கள்.

லிஸ்ட்டை விட மனசு வரவில்லையா? சரி, அதற்கும் வழி இருக்கிறது. ஸூ ஸ்டேஷன் வாசலில் 100-ஆம் நம்பர் பஸ் ஏறுங்கள். டூரிஸ்ட் பஸ் இல்லை, ஊர்க்காரர்கள் போகும் சாதாரண டவுன் பஸ். மாடி பஸ்ஸாக வந்தால் மேலே முன் ஸீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1943-இல் குண்டு விழுந்து மூளியான கோபுரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கும் கைஸர் வில்ஹெல்ம் சர்ச், வெற்றித் தூண், ஜனாதிபதி மாளிகை, நாடாளுமன்றம், பிராண்டன்பர்க் வாசல் பக்கம், லிண்டன் மரச் சாலை, ம்யூசியம் தீவு, கதீட்ரல், கடைசியில் டி.வி. கோபுரம் நிற்கும் அலெக்ஸாண்டர் சதுக்கம். அரை மணி நேரம். டிராஃபிக் இருந்தால் நாற்பது நிமிஷம். மச்சானின் லிஸ்ட்டில் முக்கால்வாசி ஒரே டிக்கெட்டில் தீர்ந்தது. (காகித டிக்கெட் என்றால் மெஷினில் முத்திரை குத்திக்கொள்ள மறக்காதீர்கள். செக்கர் சாதாரண பேன்ட் சட்டையில் பக்கத்து ஸீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். அபராதம் 60 யூரோ. 'டூரிஸ்ட் சார், தெரியாது சார்' எல்லாம் எடுபடாது.)

லிஸ்ட்டில் பெர்காமோன் ம்யூசியம் இருந்தால், அது எத்தனை வருஷத்துப் பழைய லிஸ்ட் என்று மச்சானைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் ரிப்பேருக்காக மொத்தமாக மூடினார்கள். பகுதி பகுதியாகத் திறப்பதாகத் திட்டம். முழு வேலையும் முடிய 2037 ஆகும் என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஜெர்மன்காரன் கடிகாரம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதற்கு பெர்லின் விமான நிலையமும் ஒரு மருந்து. 2011-இல் திறக்க வேண்டியது, 2020 அக்டோபர் கடைசியில்தான் திறந்தது.

ஆக, லிஸ்ட்டுக்கு ஒரு மணி நேரம். மிச்சமிருக்கும் ஒன்றே முக்கால் நாளை என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

முதலில் போகக்கூடாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செக்பாயின்ட் சார்லி. அமெரிக்க ராணுவம் காவல் காத்த எல்லைச் சாவடி என்று எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளைக் கூண்டு, 2000-ஆம் ஆண்டில் வைத்த டூப்ளிகேட். நிஜமான கூண்டை 1990-இலேயே கிரேனில் தூக்கிப் போய்விட்டார்கள். அது வேறு ம்யூசியத்தில் இருக்கிறது. அமெரிக்க சிப்பாய் வேஷம் கட்டிக்கொண்டு கொடியோடு நின்று, படத்துக்குக் காசு பிடுங்கிய கோஷ்டியை நகர நிர்வாகமே 2019-இல் துரத்த வேண்டியிருந்தது. சுற்றிலும் பர்கர் கடை, சாவிக்கொத்துக் கடை. சினிமா செட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ள பெர்லின் எதற்கு? ராமோஜி ராவ் ஃபிலிம் சிட்டி போதாதா?

அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் ஒரு காலி மைதானமும் சாம்பல் நிறத்தில் ஒரு தாழ்வான கட்டடமும் வரும். ஹிட்லரின் ரகசியப் போலீஸும் எஸ்.எஸ். படையின் தலைமையும் இருந்த இடம். 'பயங்கரத்தின் நிலவியல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். யுத்தம் முடிந்த பிறகு பல வருஷங்கள் இந்த இடம் என்னவாக இருந்தது தெரியுமா? கட்டட இடிபாடு கொட்டும் இடம். கூடவே, லைசென்ஸ் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பழகும் மைதானம். அரசாங்கத்துக்கு ஞாபகமில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள ஆசையுமில்லை. 1985-இல் ஊர்க்காரர்கள் சிலர் மண்வெட்டியோடு வந்து தோண்டினார்கள். தரைக்கடியில் அறைகளின் சுவர்கள் தட்டுப்பட்டன. 1987-இல் தற்காலிகக் கண்காட்சி வைத்தார்கள். சரியான கட்டடம் வர 2010 ஆனது.

இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி தன் குற்றத்தைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்ட உத்தம தேசம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அது பாதிக் கதை. யாரோ நாலு பேர் மண்வெட்டி எடுத்ததால்தான் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்து நம்மவர்கள் ஆவலாக விசாரிக்கும் இடம். ஹிட்லர் செத்த பங்கர். அது இப்போது ஒரு கார் பார்க்கிங். பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2006-இல் உலகக் கோப்பை ஃபுட்பால் சமயத்தில்தான் இங்கேதான் பங்கர் இருந்தது என்று ஒரு போர்டே வைத்தார்கள். அதுவரை ஒரு அடையாளமும் கிடையாது. வேண்டுமென்றேதான். அவருக்கு ஒரு சமாதி, ஒரு மாலை, ஒரு கும்பிடு கிடைத்துவிடக்கூடாது என்பதுதான் எண்ணம். நம் கோஷ்டி அங்கேயும் போய், போர்டுக்குப் பக்கத்தில் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டிப் படம் எடுக்கிறது!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் சார் இந்த நாடு உருப்படும்' என்ற வசனத்தை டீக்கடையில், ரயிலில், கல்யாணப் பந்தியில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? சொல்பவர் கெட்டவர் இல்லை. பஸ் நேரத்துக்கு வரவில்லை, ரேஷனில் எடை குறைகிறது, அந்தக் கடுப்பில் சொல்கிறார். ஹிட்லரின் சுயசரிதை நம் ஊர் பிளாட்பாரக் கடைகளில் தன்னம்பிக்கைப் புத்தகங்களோடு தோளோடு தோள் உரசி விற்கிறது. அந்த மனிதர் என்ன செய்தார் என்பது நமக்குத் தெரியும், ஆனால் தெரியாது. அறுபது லட்சம் யூதர்கள் என்று ஒரு எண்ணாகத் தெரியும். எண்ணுக்கு யாருக்கு அழுகை வரும்?

அந்தப் பார்க்கிங்கை ஒட்டிய தெருவின் பெயரைப் பாருங்கள். கெர்ட்ரூட் கோல்மார் தெரு. பெர்லினில் 1894-இல் பிறந்த யூதப் பெண் கவி. 1943 மார்ச்சில் இந்த ஊரிலிருந்து ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டவர். திரும்பவில்லை. ஹிட்லரின் பங்கரைத் தேடி வருகிறவன் அவர் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டும். படம் எடுத்தே தீருவேன் என்றால் அந்தத் தெருப் பலகையை எடுங்கள்.

நான் உங்களை அனுப்ப ஆசைப்படும் இடம் எந்த பேக்கேஜிலும் இருக்காது. யு-7 மெட்ரோவில் பயரிஷர் பிளாட்ஸ் என்று ஒரு ஸ்டேஷன். ஷோனபெர்க் பகுதி. மரங்கள், பால்கனிகள், நாயை நடக்கவிடும் பெரியவர்கள். நம் ஊர்க் கணக்கில் பழைய மயிலாப்பூர் மாதிரி வக்கீல்களும் டாக்டர்களும் பேராசிரியர்களும் குடியிருந்த ஏரியா. ஐன்ஸ்டைன் குடியிருந்த தெரு இங்கேதான். பார்க்க ஒன்றுமே இல்லை என்று தோன்றும். விளக்குக் கம்பங்களை அண்ணாந்து பாருங்கள்.

கம்பங்களில் சின்னச் சின்ன போர்டுகள். மொத்தம் 80. ஒரு பக்கம் குழந்தைப் புத்தகத்தில் வருவதுபோல் பளிச்சென்று ஒரு படம். பூனை, ரொட்டி, பெஞ்ச். மறு பக்கம் ஒரே ஒரு வரி, ஒரு தேதி. மொழி தெரியாவிட்டால் போனைக் காட்டினால் மொழிபெயர்த்துச் சொல்லிவிடும். பூனைக்குப் பின்னால் இருப்பது: யூதர்கள் இனி வீட்டில் செல்லப் பிராணி வளர்க்கக்கூடாது, 1942. ரொட்டிக்குப் பின்னால்: பெர்லின் யூதர்கள் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம், 1940. வேறொன்றில், யூதர்கள் முட்டை வாங்கக்கூடாது. இன்னொன்றில், யூதர்களின் வீட்டு டெலிபோன் துண்டிக்கப்படும். யூதர்கள் இந்தச் சதுக்கத்தில் மஞ்சள் அடையாளமிட்ட பெஞ்சில் மட்டுமே உட்காரலாம். நீச்சல் குளத்துக்கு வரக்கூடாது. ரேடியோவை ஒப்படைக்க வேண்டும். பாட்டுக் குழுக்களில் சேரக்கூடாது.

எல்லாம் நிஜமான சட்டங்களும் உத்தரவுகளும். ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னாக் என்ற இரண்டு கலைஞர்கள் 1993-இல் மாட்டினார்கள். மாட்ட ஆரம்பித்ததும் பதறிப்போன குடியிருப்பவர்கள் போலீஸுக்குப் புகார் செய்தார்கள். யாரோ புது நாஜிகள் வேலை என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம்தான் இது நினைவுச் சின்னம் என்று கீழே ஒரு விளக்கச் சீட்டு சேர்த்தார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். பாட்டுக் குழுத் தடை 1933. நீச்சல் குளம் 1938. ரேடியோ 1939. ரொட்டி 1940. முட்டை, பூனை 1942. முதல் நாளே யாரும் யாரையும் விஷவாயுக் கூடத்துக்கு அனுப்பவில்லை. முதலில் கச்சேரி. பாடாவிட்டால் செத்தா போய்விடுவான் என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருப்பார். நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடைக்குப் போகலாமே, பட்டினியா போட்டார்கள் என்று மளிகைக்காரர் நினைத்திருப்பார். நாலரைக்கு ரொட்டி தீர்ந்துபோயிருக்கும், அது சட்டத்தின் தப்பா? இப்படி ஒன்பது வருஷம், ஒவ்வொரு படியாக, பூட்டிய ரயில்பெட்டி வரைக்கும். அந்தத் தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து, 'ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வரணும்' என்று எவர் சொல்கிறார் என்று பார்க்கிறேன்.

அங்கே நடக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு இன்னொன்றும் உறைக்கும், உறைக்காவிட்டால் ஆச்சரியம்தான். அவர்கள் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியிட்டுச் செய்தார்கள். அதனால் கம்பத்தில் மாட்ட முடிகிறது. டீக்கடையில் தனி கிளாஸ் என்று நம் ஊரில் யாரும் கெஜட்டில் போடவில்லை. அதை எந்தக் கம்பத்தில் மாட்டுவது?

இனி அண்ணாந்தது போதும், குனியுங்கள். பெர்லின் நடைபாதையில் வீட்டு வாசல்களுக்கு எதிரே உள்ளங்கை அகலத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள் தென்படும். பத்து சென்டிமீட்டர் சதுரம். 'இங்கே வசித்தார்' என்று ஆரம்பித்து, பெயர், பிறந்த வருஷம், எப்போது எங்கே கொண்டுபோகப்பட்டார், என்ன ஆனார். ஒரு ஆளுக்கு ஒரு கல். சில வாசல்களில் நாலு, ஐந்து கற்கள் சேர்ந்திருக்கும். பிறந்த வருஷத்தைப் பார்த்தால் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று புரியும். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் ஆரம்பித்தார். பெர்லினில் முதல் கற்களை 1996-இல் அனுமதி வாங்காமலேயே பதித்தார். இன்று ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2023-இல் லட்சமாவது கல்லை நியூரம்பர்க்கில் வைத்தார்கள்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்றில்லை. மியூனிக் நகரம் பொது இடத்தில் இந்தக் கல்லை வைக்க 2004-இல் மறுத்துவிட்டது. மறுக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் அந்த ஊர் யூத சமூகத் தலைவி ஷார்லட் க்னோப்லாக், நாஜிகளிடமிருந்து ஒளித்து வைத்துக் காப்பாற்றப்பட்டவர். செத்தவர் பெயரைத் திரும்பவும் காலில் மிதிப்பதா என்பது அவர் கேள்வி. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அந்தக் கேள்வி சுலபமாகப் புரியும். எனக்கும் அதில் பாதி மனசு உண்டு. ஆனால் ஒன்று: அந்தப் பெயரைப் படிக்க வேண்டுமென்றால் தெருவில் நாலு பேர் பார்க்கக் குனிந்தே ஆக வேண்டும். ஒரு கல்லுக்காவது குனியுங்கள். பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அறுபது லட்சம் என்ற எண்ணில் ஒன்று குறையும்.

பிராண்டன்பர்க் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நினைவிடத்துக்கு நான் சொல்லாமலே போவீர்கள். பீட்டர் ஐஸன்மன் வடிவமைத்து 2005-இல் திறந்தது. 2,711 சாம்பல் நிறக் கான்கிரீட் பாளங்கள். இந்தப் பாளங்கள் மேல் ஏறி நின்று, குதித்து, யோகாசனம் போட்டு எடுத்த செல்ஃபிகளை இணையத்திலிருந்து பொறுக்கி, பின்னணியில் வதைமுகாம் பிணங்களை ஒட்டி வெளியிட்டார் ஷஹாக் ஷபீரா என்ற இஸ்ரேலிய ஜெர்மானியர். 2017-இல். படத்தில் இருந்தவர்கள் அலறிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஐஸன்மனுக்கே இதில் பெரிய கோபம் கிடையாது. குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், விளையாடட்டும் என்ற கட்சி அவர். குழந்தைகள் விளையாடட்டும். நாற்பத்தைந்து வயதில், கூலிங் கிளாஸோடு, பாளத்தின் மேல் படுத்து கன்னத்தில் கை வைத்து போஸ் கொடுப்பவரைப் பற்றித்தான் நம் பேச்சு. இந்த நினைவிடத்தின் சாரம் தரைக்குக் கீழே இருக்கிறது. படிக்கட்டில் இறங்கினால் தகவல் கூடம். குடும்பம் குடும்பமாகக் கடிதங்கள், போட்டோக்கள். இலவசம்தான். மேலே செல்ஃபி எடுக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் கீழே இறங்குகிறார்கள் என்று வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலையில் எஸ்-7 ரயில் பிடியுங்கள். க்ரூனவால்ட் ஸ்டேஷன். பணக்காரர்கள் வாழும் காட்டோரப் புறநகர். 17-ஆம் நம்பர் பிளாட்ஃபாரத்தில் ரயில் வராது. விளிம்பு நெடுக 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு. 1941 அக்டோபரிலிருந்து கடைசி வரை கிளம்பிய ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு தகடு. பெர்லினிலிருந்து இப்படிப் போன யூதர்கள் 50,000-க்கும் மேல். யுத்தம் தோற்றுப்போனது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட 1945-இலும் ரயில் போயிருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவே மரங்கள் முளைத்துவிட்டன. இனி இந்த வழியே ரயில் வரக்கூடாது என்று வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

அதே ரயிலில் இன்னும் இரண்டு ஸ்டேஷன் போனால் வான்ஸீ. ஏரிக்கரையில் அழகான பங்களா. 1942 ஜனவரி 20-ஆம் தேதி பதினைந்து அதிகாரிகள் இங்கே உட்கார்ந்து, ஐரோப்பா முழுவதிலும் உள்ள யூதர்களைத் தீர்த்துக்கட்டும் வேலையை எந்தெந்த டிபார்ட்மென்ட் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று பேசினார்கள். ஒன்றரை மணி நேரம். மினிட்ஸ் எழுதினார்கள். அதில் ஒரு பிரதி பிறகு அகப்பட்டதால்தான் நமக்குத் தெரிகிறது. பதினைந்து பேரில் பாதிப் பேருக்கு மேல் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். படித்தவன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் ஒரு பல்லவி பாடுகிறோம் அல்லவா? அந்த மேஜையைப் பார்த்துவிட்டு வந்து பாடலாம்.

'ஏன் சார், லட்சக்கணக்கில் செலவு பண்ணி மனுஷன் டூர் போறது சந்தோஷமா இருக்கவா, எழவு வீட்டுக்குப் போறதுக்கா?' நியாயமான கேள்வி. சந்தோஷமாக இருங்கள், யார் வேண்டாம் என்றது? சாயங்காலம் டெம்பல்ஹோஃப் போங்கள். 2008-இல் மூடிய பழைய விமான நிலையம். ரன்வேயில் சைக்கிள் விடலாம், பட்டம் விடலாம். ஊருக்கு நடுவே அத்தனை ஏக்கர் காலி இடம் இருந்தால் நம் ஊரில் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அங்கேயும் ஓரத்தில் கட்டடம் கட்ட அரசு ஆசைப்பட்டது. 2014-இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். துருக்கிக்காரர் கடையில் டோனர் கபாப் சாப்பிடுங்கள். சைவம் என்றால் ஃபலாஃபல் எங்கும் கிடைக்கும். கறிவுர்ஸ்ட் என்று ஒரு ஐட்டம். வறுத்த ஸாஸேஜ் மேல் தக்காளி ஸாஸ் ஊற்றி, கறிப்பொடி தூவித் தருவார்கள். நம் 'கறி' எங்கெங்கோ சுற்றி இந்தக் கதிக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்று கொஞ்சம் துக்கப்படலாம். ஆனால் சந்தோஷத்துக்கு பெர்லினைவிட நல்ல ஊர்கள் பத்து உண்டு. கடல் வேண்டுமென்றால் பார்சிலோனா, மலை வேண்டுமென்றால் இண்டர்லாகன். தான் செய்த பாவத்தைத் தன் வாசலிலேயே எழுதி வைத்திருக்கும் தலைநகரத்தை வேறு எங்கே பார்ப்பீர்கள்?

அதற்காக ஜெர்மானியருக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். ஆப்பிரிக்காவில், இன்றைய நமீபியாவில், 1904-க்கும் 1908-க்கும் நடுவில் ஹெரேரோ, நாமா மக்களைக் கொன்று குவித்ததை இனப்படுகொலை என்று அதிகாரபூர்வமாகச் சொல்ல அவர்களுக்கு 2021 ஆனது. ரோமா, சின்டி மக்களுக்கான நினைவிடம் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது 2012-இல், யூத நினைவிடத்துக்கு ஏழு வருஷம் கழித்து. 2017-இல் ஏ.எஃப்.டி. கட்சித் தலைவர்களில் ஒருவர், தலைநகரின் மத்தியில் அவமானச் சின்னத்தை நட்டுவைத்திருக்கிறோம் என்று மேடையிலேயே பேசினார். அதே கட்சி 2025 பிப்ரவரித் தேர்தலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டாம் இடத்துக்கு வந்தது. விளக்குக் கம்பத்து போர்டுகள் அங்கே எப்போதும் இருக்கும் என்று ஏன் நினைத்துக்கொள்கிறீர்கள்? சீக்கிரம் போய்ப் பாருங்கள் என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

கடைசியாக, தமிழராக நீங்கள் போயே ஆக வேண்டிய ஒரு இடம். ஃப்ரீட்ரிஷ் தெரு ரயில் நிலையம்.

பெர்லின் சுவர் என்றால் நமக்குத் தெரிந்தது, 1961 ஆகஸ்ட்டில் கிழக்கு ஜெர்மனி தன் ஜனங்கள் ஓடிப்போகாமல் இருக்கக் கட்டியது. தாண்டப் பார்த்தவர்களைச் சுட்டது. பெர்லினில் மட்டும் குறைந்தது 140 பேர் செத்தார்கள். 1989 நவம்பரில் விழுந்தது. தெரியாதது, அந்தச் சுவரில் தமிழர்களுக்கு ஒரு வாசல் கொஞ்ச காலம் திறந்திருந்தது என்பது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பியவர்கள் பலர் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி டிரான்ஸிட் விசா கொடுத்தது. அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ் தெரு ஸ்டேஷன் வந்து ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கம் யாரும் பாஸ்போர்ட் கேட்கமாட்டார்கள். ஏனென்றால் அது சர்வதேச எல்லையே இல்லை, ஒரே ஊர்தான் என்பது மேற்கின் கொள்கை. கொள்கையை விட்டுக்கொடுக்காமல் சோதனை போட முடியாது! சொந்த ஜனங்கள் தாண்டினால் சுட்ட அதே எல்லையை, யாழ்ப்பாணத்துப் பையன்கள் ஒரு பெட்டியோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு தாண்டினார்கள்.

தாண்டியவர்களுக்கு மேற்கில் ஒரு பிடிமானம் இருந்தது. 1949-இல் எழுதிய ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அரசியல் காரணத்தால் துன்புறுத்தப்படுகிறவருக்குத் தஞ்சம் கேட்கும் உரிமை உண்டு என்று ஒரே வாக்கியம், நிபந்தனை ஏதும் இல்லாமல். எழுதியவர்களுக்கு ஹிட்லரிடமிருந்து தப்பி ஊர் ஊராகக் கதவு தட்டியவர்களின் கதி நன்றாகத் தெரியும். விளக்குக் கம்பத்தில் தொங்கும் சட்டங்களுக்குப் பதிலாக எழுதிய சட்டம் அது. க்ரூனவால்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறியவர்களுக்குக் கிடைக்காதது, நாற்பது வருஷம் கழித்து இன்னொரு ஸ்டேஷனில் ரயில் ஏறிய தமிழனுக்குக் கிடைத்தது. இப்போது சொல்லுங்கள், அந்த போர்டுகளும் கற்களும் அவர்கள் ஊர் சமாச்சாரம், நமக்கென்ன என்று சொல்லிவிட முடியுமா?

ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மேற்கு ஜெர்மனி நெருக்கடி கொடுத்து, 1985-இன் நடுவில் தமிழர்களுக்கு டிரான்ஸிட்டை கிழக்கு நிறுத்தியது. அடுத்த வருஷம் மற்ற நாட்டவர்களுக்கும். வந்து சேர்ந்தவர்களுக்கும் ரத்தினக் கம்பளம் விரிக்கவில்லை. அகதி விடுதி, வேலை பார்க்கத் தடை. 1993-இல் அந்த ஒற்றை வாக்கியத்துக்கே பத்தி பத்தியாக நிபந்தனைகள் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் அன்று வந்தவர்கள் தங்கினார்கள். பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில் கட்டியிருக்கிறார்கள். கம்பத்து போர்டுகளுக்குப் போனீர்களே, அதே யு-7 ரயில்தான், பிளாஷ்கோ ஆலே ஸ்டேஷனில் இறங்க வேண்டும். சாமி கும்பிட்டுவிட்டு, அங்கே வரும் அறுபது வயதுக்காரர் யாரிடமாவது, 'அண்ணை, நீங்கள் எந்தப் பக்கத்தால வந்தனீங்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பேச ஆரம்பித்தால் எந்த கைடும் சொல்லாத பெர்லின் கிடைக்கும். பேச விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள், துருவாதீர்கள்.

ஃப்ரீட்ரிஷ் தெரு ஸ்டேஷனை ஒட்டி, கண்ணாடி வைத்த ஒரு கூடம் இருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்கள் சோதனை முடித்துக் கிளம்பிய இடம். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று அழுததால் ஜனங்கள் வைத்த பெயர் 'கண்ணீர் மாளிகை'. 2011-லிருந்து ம்யூசியம். பாஸ்போர்ட் சோதனைக் கூண்டு ஒன்று அப்படியே இருக்கிறது, ஒரு ஆள் நிற்கத்தான் இடம். டிக்கெட் கிடையாது. திங்கட்கிழமை விடுமுறை, பாளங்களுக்குக் கீழே சொன்னேனே, அந்தத் தகவல் கூடத்துக்கும் அன்று லீவு. உங்கள் இரண்டு நாளில் ஒன்று திங்கட்கிழமை என்றால், அன்றைக்கு க்ரூனவால்ட் போய்க்கொள்ளுங்கள். அந்த பிளாட்ஃபாரத்துக்கு லீவு கிடையாது.